கண்டதைக் கண்டபடி

அத்தியாயம் 11

ஸ்வர்ணாவின் மேல் உங்களுக்கு இருக்கிற கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை. பெற்ற பெண் முகம் வெளிறி நிற்கும்போது, கண் தெரியாத புருஷனிடம் 'வெக்கத்துல சிரிக்குதுங்க' என்று வாய் கூசாமல் சொன்னவள் அவள். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். அவளை வைவதற்கு நாளை வரைக்கும் நேரம் இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். பதினைந்து நாளைக்கு முன் பெங்களூர் ஜோகுபாளையத்தில் இருக்கிற அவர்கள் வீட்டுக்கு மகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் சஞ்சய், ஆம்பூர்க்காரன், பெங்களூரில் ஐ.டி. வேலை. கூடத்தில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தபோது பையனின் அம்மா சமையலறைக்குள் வந்தாள். காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்க. தாரை வாக்கறதுக்கு மட்டும் பொண்ணோட சித்தப்பாவை உக்காத்தி வெச்சுக்கலாம். மேடை, போட்டோ, வீடியோன்னு இருக்கும். உங்க வீட்டுக்காரருக்கும் கஷ்டம், பாக்கறவங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும்."

ஸ்வர்ணா, "பாத்துக்கலாங்க" என்றாள்.

பக்கத்தில் தட்டோடு நின்ற மகா அதைக் கேட்டுவிட்டாள். அந்த முகத்தோடுதான் கூடத்துக்குப் போனாள். சம்மதமா என்று யாரோ கேட்டதற்கு, "உங்க இஷ்டம்பா" என்று மட்டும் சொன்னாள். ஜெயராமன் மனைவி பக்கம் சாய்ந்து, "பொண்ணு மூஞ்சி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதற்குத்தான் அந்தப் பதில். "சிரிக்குதா? அப்ப சரி" என்று அவரும் பேச்சை முடித்துவிட்டார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நிச்சயதார்த்தம். மகா அன்றிலிருந்து அம்மாவிடம் 'ம்', 'ஊஹூம்' தவிர வாய் திறக்கவில்லை. ஜெயராமனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே நாளை தட்டு மாற்றிவிட்டால் அப்புறம் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன என்று ஸ்வர்ணாவே பத்து தடவை நினைத்துவிட்டாள்.

இதற்கு நடுவில்தான் இந்தச் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. இன்று ஸ்வர்ணா முதல் தடவையாக மைக் முன்னால் உட்கார வேண்டும்.

பதினாலு வருஷத்துக்கு முன், சிவாஜிநகரில் அச்சு மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஜெயராமனுக்குக் கண் அழுத்த நோயில் பார்வை போயிற்று. முதல் வருஷம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தெருவில் ஒரு சாவு என்று சொன்னால் ரெண்டு நாள் சாப்பிட மாட்டார். ஸ்வர்ணா அப்போதுதான் பொறுக்கிச் சொல்லக் கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டில் சண்டை என்றால் சொல்ல மாட்டாள். பக்கத்து வீட்டில் மாமரம் பூத்திருக்கிறது என்றால் மூன்று தடவை சொல்வாள். பிளவுஸ் தைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள், அவருடைய உலகத்தையும் அவருக்கு அளவாகத் தைத்துக் கொடுத்தாள்.

சினிமாவுக்குப் போனாலும் அதே கதைதான். அவர் காதில் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பின் சீட்டுக்காரர்கள், "ஏம்மா, படம் பாக்க விடறியா?" என்று திட்டுவார்கள். ஆனால் ஜெயராமனின் பார்வையற்ற சிநேகிதர்கள் அவளைச் சுற்றி டிக்கெட் எடுக்க ஆரம்பித்தார்கள். அதில் கேரல் ஒருத்தி. பேங்கில் டெலிபோன் ஆபரேட்டர், வாய் கொஞ்சம் நீளம். "ஸ்வர்ணாக்கா இல்லாம படம் பாத்தா அது ரேடியோ நாடகம்" என்பாள்.

அந்தக் கேரல்தான், அல்சூர் ஏரிப்பக்கம் புதிதாக வந்திருக்கும் நாடக அரங்கத்துக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு இந்த ஏற்பாட்டைச் செய்ய வைத்தவள். நாடகம் நடக்கும்போதே பார்வையற்றவர்களுக்கு ஹெட்போனில் வர்ணனை. வசனம் இல்லாத இடத்தில் மேடையில் நடப்பதைச் சொல்ல வேண்டும். சொல்பவர் ஸ்வர்ணா. அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அரங்கம் வேலைக்கு வைத்தவர் ஜெயராமன். வீட்டில் புருஷன், இங்கே மேலதிகாரி.

காலை ஒன்பதரைக்கே ஒரு ரகளை. அரங்க மேனேஜர் பத்ரிநாத், ஹெட்போனில் கேட்க வரப்போகும் பார்வையற்றவர்கள் பன்னிரண்டு பேருக்கும் கடைசி வரிசையில் இடம் போட்டிருந்தார்.

"வாசல்ல சாய்தளம் போட்டாச்சு சார், டாய்லெட்ல கம்பி வெச்சாச்சு. சீட் மட்டும் பின்னாடி. அவங்க எப்படியும் பாக்கப் போறதில்லையே?" என்றார், மனதில் கள்ளமில்லாமல்.

"பாக்க மாட்டோம் சார். கேக்க மாட்டோமா?" என்றார் ஜெயராமன். "முன்னாடி உக்காந்தா நடிகர் மூச்சு வாங்கறது கேக்கும். செருப்பு தேயறது கேக்கும். பின்வரிசைல என்ன கேக்கும்? பாப்கார்ன் கொறிக்கறதுதான் கேக்கும்."

பத்ரிநாத் நாக்கைக் கடித்துக்கொண்டார். முன்வரிசை வந்தது.

பொம்மசந்திராவில் மருந்துக் கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த மகா, மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொருவராக அழைத்து வந்தாள். நாடகம் ஆரம்பிக்கும் முன் எல்லோரையும் மேடைக்கு ஏற்றினார்கள். மேசை, மரப்பெட்டி, சுவரில் மாட்டிய படம், பத்திரம் எழுதும் பேனா, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்கள். தங்கச்சி வேஷம் போடுகிற பெண் தன் முந்தானையை நீட்டினாள். கேரல் அதைத் தேய்த்துப் பார்த்து, "காட்டன். ஏழை வீட்டுப் பொண்ணு, ஆனா சுத்தமா இருப்பா" என்றாள். அந்தப் பெண் சிரித்தேவிட்டாள்.

மகா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றாள். ஸ்வர்ணா, "சாப்ட்டியாடி?" என்றாள்.

"ம்."

பதினோரு மணிக்கு நாடகம். கதை பெரிதில்லை. அண்ணன்காரன் அப்பா வீட்டில் தங்கைக்கு உள்ள பங்கை அவளிடமிருந்தே எழுதி வாங்கிக்கொள்கிற கதை. பின்சுவரை ஒட்டிய கண்ணாடி அறையில் ஸ்வர்ணா மைக்கோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஜெயராமன்.

அவர் ஒன்றுதான் சொல்லியிருந்தார். "உன் கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லு. அதுக்கு என்ன அர்த்தம்னு நாங்க பாத்துக்கறோம்."

முக்கால் மணி நேரம் வண்டி நன்றாகவே ஓடிற்று. கதவு திறப்பது, அண்ணன் சட்டைப் பையைத் தடவுவது, தங்கை தண்ணீர்ச் செம்போடு வருவது என்று ஸ்வர்ணா அழகாகச் சொன்னாள். பத்திரம் வந்தது. "எனக்கென்னண்ணே, சந்தோஷந்தான்" என்று தங்கை கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் வசனம் இல்லை. தங்கை திரும்பினாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

ஸ்வர்ணா கண்ணாடி வழியே பார்த்தாள். முன்வரிசையில் பன்னிரண்டு தலைகள் தெரிந்தன. பாவம், இதைப் போய் இவர்களுக்குச் சொல்வானேன் என்று ஒரு கணம். வாய் தானாகச் சொன்னது.

"தங்கச்சி சிரிச்சுக்கிட்டே திரும்பறா."

சொல்லும்போதே அவளுடைய கை ஜெயராமனின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து ரெண்டு தரம் அமுக்கியது. அது அவர்களுக்குள் இருக்கிற சங்கேதம். கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, நாலு பேர் நடுவில் சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால் ரெண்டு தரம் அமுக்குவாள். 'அப்புறம் சொல்றேன்' என்று அர்த்தம்.

ஜெயராமன் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

நாடகம் முடிந்து எல்லோரும் முன்கூடத்தில் உட்கார்ந்தார்கள். பத்ரிநாத் டீ கொடுத்து, "எப்படி இருந்துச்சு?" என்று விசாரித்தார். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். கேரல் மட்டும் தொண்டையைச் செருமினாள்.

"ஸ்வர்ணாக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டு திரும்பினப்ப ஹால் பூரா 'ச்சு'ன்னு சத்தம் வந்துச்சே. எதுக்கு? நீங்க சிரிக்கறான்னு சொன்னீங்க. சிரிக்கறவளைப் பாத்து யாராவது 'ச்சு' கொட்டுவாங்களா?"

ஸ்வர்ணா முழித்தாள். தங்கச்சி வேஷக்காரப் பெண் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே வந்தவள், "நான் சிரிக்கலைங்களே. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுவேன். அதுதாங்க அந்த சீனே" என்றாள்.

கூடமே ஸ்வர்ணா பக்கம் திரும்பியது.

"உங்களுக்கெல்லாம் வருத்தமா இருக்குமேன்னு..." என்று இழுத்தாள் ஸ்வர்ணா.

"வருத்தப்படத்தானேக்கா டிக்கெட் எடுத்து வந்தோம்!" என்றாள் கேரல். "முந்நூறு பேர் ஒண்ணா அழறாங்க. நாங்க பன்னெண்டு பேர் மட்டும் ஈன்னு உக்காந்திருந்தோம். காலைல தொட்டுப் பாத்தேனே அந்த முந்தானை, அது வாய்க்குள்ள போனது எனக்குத் தெரிய வேணாமா?"

பத்ரிநாத் சமாளிக்கப் பார்த்தார். "மத்தியான ஷோவுக்கு வேணும்னா வர்ணனையைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம்."

"கம்மி பண்ண வேணாம்" என்றார் ஜெயராமன். "கேரல் சொல்றது சரி. அவங்க பொய் சொல்லிட்டாங்க."

அவங்க! இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளை 'அவங்க' என்று சொல்லிக் கேட்டதில்லை. திட்டியிருந்தால்கூட ஸ்வர்ணாவுக்கு இவ்வளவு உறைத்திருக்காது. அழுகை வந்தது. முந்தானையைத் தேடிய கையைச் சட்டென்று கீழே போட்டுவிட்டாள்.

மத்தியானம் அரங்கத்துக்குப் பின்னால், மர நிழலில் சாப்பாடு. டப்பாவில் எலுமிச்சை சாதம். மகா தண்ணீர் பிடித்துவரப் போயிருந்தாள்.

"எனக்குக் கையில நெசம், அவங்களுக்குக் காதுல பொய்யா?" என்றார் ஜெயராமன். குரலில் கோபமில்லை.

"பழக்க தோஷங்க."

"அந்தப் பழக்கம் எனக்கும் தெரியுமில்ல? பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் ரெண்டு தரம் அமுக்கினே ஸ்வர்ணா. சிரிக்குதுன்னு சொல்லிக்கிட்டே அமுக்கினே. பதினஞ்சு நாளாச்சு. உன்னோட 'அப்புறம்' இன்னும் வரலை."

அவளுக்கே அது நினைவில்லை. அமுக்கினோமா? அமுக்கித்தான் இருப்போம். பாழாய்ப்போன கை.

"சாதத்துல உப்பு பத்துதாங்க?" என்றாள்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு." அவர் டப்பாவை மூடினார். "நான் திருப்பிக் கேக்க மாட்டேன். மத்தியான ஷோவுக்கும் வர்ணனை நீயே சொல்லு. நான் பக்கத்துல உக்கார மாட்டேன், முன்வரிசைல இருப்பேன். கண்டதைக் கண்டபடி சொல்ல முடிஞ்சா அடுத்த சனிக்கிழமையும் நீதான். முடியலைன்னா பத்ரிநாத்கிட்ட வேற ஆள் பாக்கச் சொல்லிடுவேன். அங்க வர்றவங்க எல்லாம் உன்னை நம்பித்தான் உக்காருவாங்க. நான் உக்காந்திருந்த மாதிரியே."

உக்காந்திருந்த மாதிரி என்றார். உக்காந்திருக்கற மாதிரி என்று சொல்லவில்லை. வேலை போனால் தையல் மிஷின் இருக்கிறது. இந்த மனுஷனின் நம்பிக்கை போனால் எங்கே போய் வாங்குவது?

மூன்றரைக்கு அடுத்த ஆட்டம். புதிதாக வந்த ஆறு பேரோடு கேரலும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "அந்த சீனுக்காகத்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடி அறையில் ஸ்வர்ணா தனியாக இருந்தாள். பக்கத்து நாற்காலி காலி.

பத்திரம் வந்தது. கையெழுத்து ஆயிற்று. அவளுடைய இடது கை மேசை மேல் எதையோ தேடியது. மணிக்கட்டு இல்லை, மேசைதான் இருந்தது. அவள் மைக்குக்குக் குனிந்தாள்.

"பேனாவைக் கீழ வெக்கறா. அண்ணனுக்கு முதுகு காட்டித் திரும்பறா. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள்ள அடைக்கறா. தோள் ரெண்டும் குலுங்குது. சத்தம் வரலை. அண்ணன் பாக்கலை. பத்திரத்தை மடிச்சுக்கிட்டிருக்கான்."

ஹாலில் 'ச்சு' என்று எழுந்தது. முன்வரிசையிலிருந்தும் அதே நேரத்தில் எழுந்தது. கேரலுடையது எல்லாரையும் விட ஒரு படி தூக்கலாகவே கேட்டது.

ஸ்வர்ணா மைக்கை அணைத்துவிட்டு அழுதாள். அடுத்த வசனம் முடிவதற்குள் மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி போட்டாள். இது நாடகத்துக்கு வந்த அழுகை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆறு மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பத்ரிநாத், "அடுத்த வாரமும் நீங்கதான் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். முன்கூடத்தில் மூன்று பேர்தான் மிச்சம். மகா ஆட்டோ கூப்பிட போனை எடுத்தாள்.

"ஆட்டோ இருக்கட்டும்" என்றாள் ஸ்வர்ணா. "என்னங்க, நீங்க கேக்க மாட்டேன்னீங்க. நானே சொல்றேன். மகாவும் இருக்கா."

மகா நிமிர்ந்து பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இவ சிரிக்கலைங்க. நேரா சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. கீழுதட்டைக் கடிச்சுக்கிட்டிருந்தா. கையில தட்டு ஆடிச்சு. கண்ணு ரெண்டும் தளும்பி நின்னுச்சு. நீங்க என்கிட்ட கேட்டப்ப என்னைப் பாத்தா. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

"அம்மா" என்றாள் மகா. பதினைந்து நாளில் முதல் தடவையாக.

ஜெயராமன் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"தப்பு என் மேலயும் இருக்கும்மா. உன் மூஞ்சியைப் பத்தி உங்கம்மாவைக் கேட்டேன். எதிர்ல நின்ன உன்னைக் கேக்கலை. இப்ப கேக்கறேன். பையனைப் புடிக்கலையா?"

"அவரை ஒண்ணும் சொல்றதுக்கில்லைப்பா. நல்லாத்தான் பேசறாரு. அவங்கம்மாதான் அன்னைக்கு..." மகா நிறுத்தினாள். அவளால் அதற்கு மேல் அப்பாவிடம் சொல்ல முடியவில்லை.

"நான் சொல்றேன்" என்றாள் ஸ்வர்ணா. சமையலறைப் பேச்சை எழுத்துப் பிசகாமல் சொன்னாள். 'பாக்கறவங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும்' என்பதையும் விடவில்லை. தான் சொன்ன 'பாத்துக்கலாங்க'வையும் விடவில்லை.

ஜெயராமனின் முகம் சுருங்கியது. பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்தார்.

"என் தம்பியா? அவனுக்குக் கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு. கல்யாணத்தன்னைக்குத் தண்ணி போடாம நிதானமா நிப்பானான்னு அந்தம்மா விசாரிச்சாங்களா?"

மகாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரோடு.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் இறங்கியது. "அந்தம்மா சொன்னது வலிக்கலை ஸ்வர்ணா. இந்த மாதிரி நூறு கேட்டாச்சு. நீ 'பாத்துக்கலாம்'னியே, அதுதான் வலிக்குது."

"வரன் கை நழுவிடுமோன்னு பயந்துட்டேங்க. உங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்கன்னு..."

"உடைஞ்சா எந்திரிக்க மாட்டேனா? பதினாலு வருஷமா வேற என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்?"

அவர் மகா பக்கம் கையை நீட்டினார்.

"மகா, சஞ்சய் வீட்டுக்குப் போன் போடு. அவங்கம்மாவைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு, உங்கம்மாவும் கேக்கட்டும்."

"அப்பா, நாளைக்கு நிச்சயம். சொந்தக்காரங்க எல்லாம் வந்தாச்சு..."

"அதனாலதான் இன்னைக்கு."

ஸ்வர்ணாவுக்குத் தடுக்க நாக்கு எழுந்தது. எழுந்ததைக் கடித்து உட்கார வைத்தாள். மகா போட்டாள். நாலு தடவை ரிங் போனபின் எடுத்தார்கள்.

"வணக்கம் சம்பந்திம்மா, ஜெயராமன் பேசறேன். எல்லாரும் கிளம்பி வந்தாச்சா? சந்தோஷம். ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். என் பொண்ணுக்குத் தாரை வாக்கறது நான்தான். மேடைல, போட்டோல, வீடியோல, எல்லாத்துலயும் நான்தான் இருப்பேன். என் வீட்டுல உங்ககிட்ட பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதை நான் திருப்பி வாங்கிக்கறேன். உங்களுக்குச் சம்மதம்னா நாளைக்குத் தட்டோட வாங்க. மனசு ஒப்பலைன்னா இப்பவே சொல்லிடுங்க. கோபம் இல்லை."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை யாரோ நிறுத்தினார்கள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. லைன் மட்டும் இருந்தது.

ஜெயராமன் வழக்கம்போல ஸ்வர்ணா பக்கம் தலையைச் சாய்த்தார்.

ஸ்வர்ணா என்னத்தைச் சொல்வாள்? அந்த அம்மாளின் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை, மகாவுக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.